லேண்ட் ரோவர்: பழைய எஞ்சினும் புதிய எஞ்சினும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நாம் வண்டி வாகனங்களோடு நெருங்கிப் பழகியவர்கள். பால் ஏற்றிச் செல்லும் லாரி, செம்பனைக் குலை இழுக்கும் டிராக்டர், துரை வந்திறங்கும் ஜீப் ஆகியவற்றின் சத்தத்தைக் கேட்டே எந்த வண்டி வருகிறது என்று சொல்லிவிடும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. நான்கு சக்கரங்களாலும் இழுக்கக் கூடிய வண்டி எதுவானாலும் அதனை 'ஜீப்' என்று சொல்வதே நம் வழக்கம். ஆனால் இந்நாட்டுத் தோட்டங்களின் செம்மண் பாதைகளில் ஓடிய அத்தகைய வண்டிகள் பல, உண்மையில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட 'லேண்ட் ரோவர்' வண்டிகளே. கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில் பழைய லேண்ட் ரோவர்கள் மூட்டைகளைச் சுமந்துகொண்டு ஏறி இறங்குவதை இன்றும் காணலாம்.

இந்த வண்டியின் வெளித்தோற்றம் பல பத்தாண்டுகளாக அதிகம் மாறவில்லை. பெட்டி போன்ற உடல், தட்டையான பக்கங்கள், நிமிர்ந்து நிற்கும் முன்கண்ணாடி. ஆனால் முன்மூடியைத் தூக்கிப் பார்த்தால், உள்ளே இருக்கும் எஞ்சின் மட்டும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. பழைய எஞ்சினுக்கும் புதிய எஞ்சினுக்கும் என்ன வேறுபாடு? புதியது நமக்கு என்ன கொடுத்தது? கொடுத்ததற்கு ஈடாக நம்மிடம் என்ன கேட்டது? இந்தக் கேள்விகளைத்தான் இன்றைய உரையில் ஆராயப் போகிறோம்.

முதலில் வண்டி பிறந்த கதையைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போர் 1945ஆம் ஆண்டில் முடிந்தது. போரில் அமெரிக்கப் படையினர் பயன்படுத்திய வில்லிஸ் ஜீப் வண்டிகள் மலிவு விலைக்கு விற்பனைக்கு வந்தன. ரோவர் கார் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த மாரிஸ் வில்க்ஸ் என்பவர், வேல்ஸ் நாட்டை ஒட்டிய ஆங்கிலசி தீவில் இருந்த தம்முடைய பண்ணையில் அத்தகைய ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அது உழவுக்கும் உதவியது, சுமைக்கும் உதவியது. 'இது தேய்ந்து போனால் இதற்குப் பதிலாக எதை வாங்குவது?' என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. அவருடைய அண்ணன் ஸ்பென்சர் வில்க்ஸ் அதே நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர். இருவரும் சேர்ந்து, அத்தகைய வண்டியை நாமே செய்தால் என்ன என்று 1947ஆம் ஆண்டில் முடிவெடுத்தார்கள்.

போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் எஃகு தட்டுப்பாடாக இருந்தது. அரசாங்கம் அளந்துதான் கொடுத்தது. ஆகவே வண்டியின் உடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். அதுவே பின்னர் நன்மையாக முடிந்தது. மழையிலும் சேற்றிலும் அந்தத் தகடு எளிதில் துருப்பிடிக்கவில்லை. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஹாலந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் நடந்த மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவர் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. நிறுவனத்தாரே அதனைச் சில ஆண்டுகளுக்கான இடைக்கால ஏற்பாடாகத்தான் கருதினார்கள். ஆனால் அதன் வழிவந்த வண்டி 2016ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் வரை இங்கிலாந்தின் சோலிஹல் தொழிற்சாலையில் செய்யப்பட்டு வந்தது. மொத்தம் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன.

லேண்ட் ரோவர் பிறந்த அதே 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. இராணுவமும் போலீசும் தோட்ட நிர்வாகங்களும் காட்டுப் பாதைகளில் செல்லக் கூடிய வண்டிகளை நாடிய காலம் அது. தோட்ட நிர்வாகிகள் சிலர் தங்கள் வண்டிகளுக்குத் துப்பாக்கிக் குண்டு துளைக்காத இரும்புத் தகடுகளைப் பொருத்தி ஓட்டினார்கள். சேறு, மேடு, மேலும் இந்த இரும்புச் சுமை! இத்தனையையும் இழுக்க வேண்டிய பொறுப்பு எஞ்சினுடையது.

இனி எஞ்சினுக்கு வருவோம்.

முதல் லேண்ட் ரோவருக்கு என்று தனியாக எஞ்சின் எதுவும் செய்யப்படவில்லை. ரோவர் நிறுவனத்தின் '60' என்ற காரில் இருந்த பெட்ரோல் எஞ்சினையே எடுத்துப் பொருத்தினார்கள். நான்கு சிலிண்டர்கள், மொத்தக் கொள்ளளவு 1595 சி.சி. அதன் அதிகபட்ச ஆற்றல் 50 குதிரைத்திறன். அதன் அதிகபட்ச முறுக்குவிசை 80 பவுண்டு அடி. அந்த விசை நிமிடத்துக்கு 2000 சுழற்சியில் கிடைத்தது.

குதிரைத்திறன் என்றால் என்ன? முறுக்குவிசை என்றால் என்ன? இரண்டும் ஒன்றுதானே என்று பலர் நினைக்கிறார்கள். இந்த இடத்தைச் சற்று நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். இது புரிந்துவிட்டால் மற்றவை எல்லாம் தாமே விளங்கும்.

நம் வேலையிலிருந்தே ஓர் உதாரணம் கூறுகிறேன். ஒருவர் காண்டாக் கம்பைத் தோளில் வைத்து, இரு பக்கமும் நிறைந்த பால் வாளிகளைத் தொங்கவிட்டு, மெதுவாக மேடேறி ஸ்டோருக்கு வருகிறார். ஒரு சிறுவன் அரை வாளி, அரை வாளியாக எடுத்துக்கொண்டு பல தடவை ஓடி ஓடி வருகிறான். ஒரு மணி நேரத்தில் இருவரும் கொண்டுவந்து சேர்த்த பால் ஒரே அளவாக இருக்கலாம். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு வேலை முடிந்தது என்ற அந்தக் கணக்கே குதிரைத்திறன். அந்தக் கணக்குப்படி இருவரும் சமம். ஆனால் நிறைந்த இரண்டு வாளிகளையும் ஒரே மூச்சில் தூக்கி நிற்கும் தோள்வலிமை யாரிடம் இருக்கிறது? முதலாமவரிடம்தான். எஞ்சினின் தண்டைத் திருகிச் சுழற்றும் அந்த வலிமையே முறுக்குவிசை.

சமதரைத் தார்ச்சாலையில் வேகமாக ஓடும் காருக்குக் குதிரைத்திறன் அதிகம் உதவும். சேற்றில் புதைந்த சக்கரத்தை வெளியே இழுக்க வேண்டுமானால், செங்குத்தான மேட்டில் சுமையோடு மெல்ல ஊர்ந்து ஏற வேண்டுமானால், குறைந்த சுழற்சியில் கிடைக்கும் முறுக்குவிசையே உதவும். அங்கே எஞ்சினை வேகமாகச் சுழல விட்டால் சக்கரம் வழுக்கிக் குழிதான் தோண்டும்.

முதல் எஞ்சினின் குறை இதுதான். அது காருக்குச் செய்த எஞ்சின். மெதுவாகச் சுழலும்போது அதற்குத் தோள்வலிமை போதவில்லை. டிரைவர் அடிக்கடி கியரைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அக்காலத்து வண்டியில் முதலாவது, இரண்டாவது கியர்களை மாற்றுவதும் எளிதன்று. கிளட்சை இரண்டு முறை மிதித்து, சத்தத்தைக் கேட்டு, சரியான நொடியில் தள்ள வேண்டும். மேட்டில் அந்த நொடி தவறினால் வண்டி நின்றுவிடும்.

1951ஆம் ஆண்டு இறுதியில், 1952ஆம் ஆண்டுக்குரிய வண்டிகளுக்காக, புதிய எஞ்சின் வந்தது. என்ன செய்தார்கள்? பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் முன்போலவே 105 மில்லிமீட்டர்தான். சிலிண்டரின் வாய் அகலத்தை மட்டும் 69.5 மில்லிமீட்டரிலிருந்து 77.8 மில்லிமீட்டராகப் பெரிதாக்கினார்கள். கொள்ளளவு 1997 சி.சி. ஆயிற்று. இப்போது ஆற்றல் எவ்வளவு தெரியுமா? 52 குதிரைத்திறன்.

"இவ்வளவு பாடுபட்டு 2 குதிரைதானா கூடியது?" என்று நீங்கள் கேட்கலாம். விற்பனைத் தாளில் அந்த எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் முறுக்குவிசையைப் பாருங்கள். 80 ஆக இருந்தது 101 பவுண்டு அடியாக உயர்ந்தது. அதுவும் 2000 சுழற்சியில் கிடைத்துவந்த உச்ச விசை, இப்போது 1500 சுழற்சியிலேயே கிடைத்தது. அதாவது எஞ்சின் இன்னும் மெதுவாகச் சுழலும்போதே இன்னும் பலமாக இழுத்தது. 52 குதிரைத்திறன் என்பது நிமிடத்துக்கு 4000 சுழற்சியில் அளந்த கணக்கு. சேற்று மேட்டில் எந்த டிரைவரும் அந்த வேகத்தில் எஞ்சினைச் சுழல விடமாட்டார். அவருடைய கால் அறிந்தது அந்த 101 என்ற எண்ணைத்தான். 'அகல உழுவதை விட ஆழ உழு' என்று நம் பெரியோர் சொன்னது எஞ்சினுக்கும் பொருந்துகிறது.

மாணவச் செல்வங்களே, இங்கே ஒரு கணக்குப் போடுங்கள். 1595 என்பது 1997 ஆனால் எத்தனை விழுக்காடு உயர்வு? ஏறக்குறைய 25 விழுக்காடு. 80 என்பது 101 ஆனால்? ஏறக்குறைய 26 விழுக்காடு. எஞ்சின் எவ்வளவு பெருத்ததோ, விசையும் ஏறத்தாழ அவ்வளவே கூடியது. இது உருவத்தால் வந்த வளர்ச்சி. இந்த விடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதே போன்ற இன்னொரு கணக்கு வரும். அப்போது விடை வேறு விதமாக இருக்கும்.

அடுத்த பெரிய மாற்றம் டீசல். 1957ஆம் ஆண்டில் லேண்ட் ரோவருக்கு முதல் டீசல் எஞ்சின் கிடைத்தது. அதற்கு இடம் கொடுப்பதற்காக, முந்திய ஆண்டிலேயே முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரத்தை 2 அங்குலம் கூட்டியிருந்தார்கள்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பின் எப்படித் தீப்பிடிக்கிறது? சைக்கிளுக்குக் காற்றடித்த பிள்ளைகளுக்கு இது தெரியும். வேகமாகப் பத்துப் பதினைந்து தடவை அடித்ததும் பம்பின் அடிப்பக்கம் சுடும். காற்றை அழுத்தினால் அது சூடாகும் என்பது இயற்கை விதி. பெட்ரோல் எஞ்சின் உள்ளே இழுத்த காற்றை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காக அழுத்திய காலத்தில், லேண்ட் ரோவரின் டீசல் எஞ்சின் அதனை ஏறக்குறைய இருபத்து மூன்றில் ஒரு பங்காக அழுத்தியது. அந்தக் காற்று நெருப்பாய்க் கொதிக்கும்போது, டீசலைத் துளித்துளியாகப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும்.

1957ஆம் ஆண்டின் முதல் டீசல் எஞ்சின் 2052 சி.சி. கொண்டது, 51 குதிரைத்திறன், 87 பவுண்டு அடி. பெட்ரோலைக் காட்டிலும் இரண்டுமே குறைவு! சத்தமோ அதிகம். ஆயினும் மக்கள் அதனை வாங்கினார்கள். ஏன்? ஒரு காலன் எண்ணெயில் அது கூடுதல் தூரம் ஓடியது. டீசல், பெட்ரோலைப் போலச் சட்டெனத் தீப்பற்றாது. ஆற்றைக் கடக்கும்போது பெட்ரோல் வண்டியின் மின்பொறி கொடுக்கும் பாகங்கள் நனைந்தால் எஞ்சின் நின்றுவிடும். டீசலில் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே எஞ்சினை மதிப்பிடும்போது 'எவ்வளவு இழுக்கும்?' என்ற கேள்வியோடு, 'எவ்வளவு குடிக்கும்? எப்போது கைவிடும்?' என்ற கேள்விகளும் சேர்ந்தே வருகின்றன. குடும்பத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கும்போதும் நாம் இவற்றைத்தானே கேட்கிறோம்?

1961ஆம் ஆண்டில் டீசல் எஞ்சின் 2286 சி.சி.யாக வளர்ந்தது. 62 குதிரைத்திறன், 103 பவுண்டு அடி. பெயர் பெற்ற பழைய எஞ்சின் இதுவே. இருபது ஆண்டுகளுக்கு மேல் இது செய்யப்பட்டது. 1980ஆம் ஆண்டில் இதன் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகளை மூன்றிலிருந்து ஐந்தாக்கி உறுதிப்படுத்தினார்கள். மற்றபடி பெரிய மாற்றம் இல்லை.

இந்த எஞ்சினின் குணம் எளிமை. கணினி இல்லை, மெல்லிய கம்பிகள் இல்லை. ஸ்பானர்ப் பெட்டியும் பொறுமையும் இருந்தால் மரநிழலிலேயே கழற்றி மாட்டலாம். நாம் 'போமன்' என்று அழைக்கிறோமே, அந்தப் பழுதுபார்ப்பவர்கள், இரும்புக் கம்பியின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார்கள். வால்வு சத்தம் ஒரு விதம், பேரிங் சத்தம் இன்னொரு விதம். அது படிப்பால் வந்த அறிவன்று. பழக்கத்தால் வந்த அறிவு. அதுவும் அறிவுதான் என்பதை நாம் மறக்கக் கூடாது.

1984ஆம் ஆண்டில் பிஸ்டன் செல்லும் தூரத்தை 88.9 மில்லிமீட்டரிலிருந்து 97 மில்லிமீட்டராகக் கூட்டி, 2495 சி.சி. டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தார்கள். 1986ஆம் ஆண்டில் அதே அளவுள்ள எஞ்சினுக்கு 'டர்போ' என்ற கருவியைப் பொருத்தினார்கள்.

டர்போ என்பது என்ன? விறகடுப்பில் ஊதுகுழலால் ஊதினால் நெருப்பு கொழுந்துவிட்டு எரிகிறதல்லவா? அதே தத்துவம்தான். ஆனால் ஊதுவது யார்? எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையே ஊதுகிறது. வேகமாக வெளியேறும் புகை ஒரு சிறு விசிறியைச் சுழற்றுகிறது. அந்த விசிறியோடு ஒரே தண்டில் இணைந்த மற்றொரு விசிறி, வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகம் சென்றால் டீசலையும் அதிகம் எரிக்கலாம். வீணாகப் போன புகையிலிருந்து வேலை வாங்கும் தந்திரம் இது. 1986ஆம் ஆண்டின் டர்போ எஞ்சின் 85 குதிரைத்திறனும் 150 பவுண்டு அடி விசையும் தந்தது.

ஆனால் தொடக்கத்தில் வந்த அந்த எஞ்சின்கள் சிலவற்றில் பிஸ்டன் வெடிப்பும், எஞ்சின் எண்ணெய் காற்று வடிகட்டிக்குள் ஏறும் கோளாறும் கண்டன. காரணம் என்ன? டர்போவைத் தாங்குவதற்காகச் சில பாகங்களை மாற்றியிருந்தாலும், அடிப்படை அமைப்பு பழைய எஞ்சினுடையதே. உள்ளே மூளும் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்க அது திணறியது. குருவி தலையில் பனங்காயை வைத்த கதைதான். நிறுவனத்தார் பின்னர் பாகங்களைத் திருத்தினார்கள். ஆயினும் ஒரு பாடம் தெளிவாகியது: ஒரு பகுதிக்கு மட்டும் வலிமை கொடுத்தால் போதாது, அதனைத் தாங்கும் மற்றப் பகுதிகளையும் மாற்ற வேண்டும்.

அந்தப் பாடத்தைக் கற்ற பின் வந்ததே 'டிடிஐ' என்ற எஞ்சின். 1989ஆம் ஆண்டில் டிஸ்கவரி என்ற வண்டியிலும், 1990ஆம் ஆண்டில் 'டிஃபெண்டர்' என்று பெயர் சூட்டப்பட்ட நம் பழைய லேண்ட் ரோவரிலும் அது பொருத்தப்பட்டது. அதில் மூன்று சிறப்புகள் உண்டு.

முதலாவது, டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுவது. பழைய எஞ்சினில் டீசல் முதலில் பக்கத்தில் உள்ள ஒரு சிறு அறைக்குள் பீய்ச்சப்பட்டு, அங்கே பற்றி, பிறகு சிலிண்டருக்குள் பாயும். அடுப்பை ஓர் அறையில் மூட்டி, சூட்டை அடுத்த அறையில் உள்ள பானைக்கு அனுப்புவது போன்றது அது. வழியில் எவ்வளவு சூடு சுவரோடு போய்விடும்! புதிய எஞ்சினில் அடுப்பு பானைக்கு நேர் கீழேயே எரிகிறது. அதனால் எண்ணெய் மிச்சம். இரண்டாவது, டர்போ. மூன்றாவது, 'இண்டர்கூலர்' என்னும் குளிர்விப்பான். டர்போ அழுத்திய காற்று சூடாகி விரிந்துவிடும் அல்லவா? அதனை வழியிலேயே குளிரவைத்து, சுருக்கி, இன்னும் அதிகமான காற்றை உள்ளே அனுப்புகிறது இது.

இப்போது கணக்கைப் போடுவோம். 1961ஆம் ஆண்டின் பழைய டீசல் எஞ்சினையும் 1990ஆம் ஆண்டின் டிடிஐ எஞ்சினையும் அருகருகே வைப்போம். கொள்ளளவு 2286 சி.சி.யிலிருந்து 2495 சி.சி.க்கு உயர்ந்தது, ஏறக்குறைய 9 விழுக்காடு. குதிரைத்திறன் 62லிருந்து 107 ஆயிற்று. ஏறக்குறைய 73 விழுக்காடு. முறுக்குவிசையோ 103லிருந்து 188 பவுண்டு அடியாக உயர்ந்தது. 80 விழுக்காட்டுக்கும் மேல். அந்த உச்ச விசையும் பழைய எஞ்சினைப் போலவே 1800 சுழற்சியில், அதாவது மெதுவாகச் சுழலும்போதே கிடைத்தது.

1951இல் போட்ட கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அன்று உருவம் 25 விழுக்காடு பெருத்தது. விசையும் ஏறத்தாழ அவ்வளவே கூடியது. இங்கே உருவம் 9 விழுக்காடுதான் பெருத்தது. விசையோ ஏறக்குறைய ஒன்பது மடங்கு அதிக விகிதத்தில் கூடியது. இந்த வளர்ச்சி இரும்பின் எடையால் வந்ததன்று. காற்று எப்படிப் போகிறது, சூடு எங்கே வீணாகிறது, டீசல் எப்படி எரிகிறது என்று ஆராய்ந்தறிந்த அறிவால் வந்தது. லேண்ட் ரோவர் எஞ்சினின் வரலாறு முழுவதையும் ஒரே வரியில் சொல்வதானால், உருவத்தால் வளர்ந்த எஞ்சின் பின்னர் அறிவால் வளர்ந்தது என்று சொல்லலாம்.

ஆனால் நேயர்களே, அறிவால் வளர்ந்த பொருள், தன்னைப் பராமரிப்பவரிடமும் அறிவை எதிர்பார்க்கிறது. இதனை இரண்டு உதாரணங்களால் விளக்குகிறேன்.

பழைய 2286 சி.சி. எஞ்சினில் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்குவதற்கு இரும்புச் சங்கிலி இருந்தது. அது தேய்ந்தால் கடகடவென்று சத்தம் போடும். காது உள்ளவர் கேட்டு, பழுது பார்த்துக்கொள்ளலாம். 1984ஆம் ஆண்டின் டீசல் எஞ்சின் முதல் டிடிஐ எஞ்சின் வரை, சங்கிலிக்குப் பதிலாகப் பல்வரிசை கொண்ட ரப்பர் பெல்ட் வந்தது. அது சத்தமில்லாமல் ஓடும். ஆனால் தேய்ந்தாலும் சத்தம் போடாது. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் அறுந்துவிடும். அறுந்தால் மேலே வரும் பிஸ்டன் வால்வில் மோதி எஞ்சின் உடைந்துபோகும். ஆகவே, குறித்த மைல் ஓடியதும், நன்றாக இருப்பது போல் தோன்றினாலும், அதனை மாற்றிவிட வேண்டும். தூசியும் வெப்பமும் மிகுந்த இடங்களில் இன்னும் முன்னதாகவே மாற்ற வேண்டும். பழைய எஞ்சினைக் காதால் காப்பாற்றினோம். புதிய எஞ்சினைக் கையேட்டைப் படித்தும், மைல் கணக்கைக் குறித்து வைத்தும்தான் காப்பாற்ற வேண்டும்.

இரண்டாவது உதாரணம் டர்போ. அதன் விசிறித்தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுழற்சியையும் தாண்டிச் சுழலக் கூடியது. அதனைத் தாங்கி நிற்பது எஞ்சின் எண்ணெயின் மெல்லிய படலம் ஒன்றே. சுமையோடு மேடேறி வந்தவுடன் டிரைவர் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டால், எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும். சூடேறிய தண்டு எண்ணெயின்றித் தவிக்கும். சிறிது நேரம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பிறகு அணைக்க வேண்டும். செலவில்லாத இந்தப் பழக்கம் விலை உயர்ந்த ஒரு கருவியைக் காக்கும். டர்போ பொருத்திய லாரிக்கும் டிராக்டருக்கும் இந்த விதி பொருந்தும். வீட்டில் டிரைவர்கள் இருந்தால் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1998ஆம் ஆண்டில் டிஃபெண்டருக்கு மற்றோர் எஞ்சின் வந்தது. ஐந்து சிலிண்டர்கள் கொண்ட அந்த எஞ்சினில் டீசல் பீய்ச்சுவதைக் கட்டுப்படுத்துவது மின்னணுக் கருவி. அதில் கோளாறு வந்தால் இரும்புக் கம்பியைக் காதில் வைத்துக் கேட்பது மட்டும் போதாது. சோதனைக் கருவியை இணைத்து, அது காட்டும் குறிப்பைப் படித்தறிய வேண்டும்.

அப்படியானால் பழைய எஞ்சின் மேலா, புதிய எஞ்சின் மேலா? சுமையிழுப்பிலும் எண்ணெய்ச் சிக்கனத்திலும் புதியதே மேல், அதில் ஐயமில்லை. இரவில் பிரசவ வலியில் துடிக்கும் தாயை மலைப்பாதையில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லும் வண்டிக்கு, மேட்டில் நிற்காமல் ஏறும் எஞ்சின்தான் வேண்டும். ஆனால் அந்த வண்டி அன்றிரவு ஓடுமா, ஓடாதா என்பதை எஞ்சின் மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த ரப்பர் பெல்ட்டை உரிய காலத்தில் மாற்றியவர் யார், மாற்ற மறந்தவர் யார் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

பெற்றோர்களே, இதனை நான் உங்களுக்குச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. தோட்டத்துப் பட்டறைகளில் கூடமாட உதவி செய்தே தொழிலைக் கற்றுக்கொண்டவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுடைய கைத்திறனுக்குக் குறைவில்லை. ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, வெளியே வேலை தேடிச் சென்ற அவர்களில் பலரிடம், திறமையைக் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. தொழில் தெரிந்தவர் உதவியாளர் சம்பளத்துக்கு நின்றார். 1986இல் எஞ்சினுக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். பழைய அமைப்பின் மேல் புதிய சுமை ஏற்றப்பட்டது. காலம் நம் தொழிலாளர்கள் மீதும் அப்படித்தான் சுமையை ஏற்றியது.

ஆகவே வண்டி வேலையில் ஆர்வமுள்ள பிள்ளையை, "இவனுக்குப் படிப்பு ஏறவில்லை, பட்டறைக்குப் போகட்டும்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். இன்றைய பட்டறைக்குத்தான் படிப்பு வேண்டும். கையேட்டைப் படிக்க மொழி வேண்டும். அளவுகளைப் பார்க்கக் கணக்கு வேண்டும். காற்றும் சூடும் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அறிய விஞ்ஞானம் வேண்டும். முறையான பயிற்சி நிலையத்தில் சேர்ந்து, சிஜில் கெமாஹிரான் மலேசியா என்னும் அரசாங்கத் திறன் சான்றிதழைப் படிப்படியாகப் பெற்றுக்கொள்ள இன்று வழி இருக்கிறது. ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமன்று, பெண் பிள்ளைகளுக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

அதே வேளையில், காதால் கேட்டுக் கோளாறு சொல்லும் பெரியவர்களை இளைஞர்கள் ஏளனம் செய்ய வேண்டாம். சோதனைக் கருவி சொல்லாத சில செய்திகளை இன்றும் காது சொல்லும். உங்கள் தோட்டத்தில் அத்தகைய பெரியவர் ஒருவர் இருந்தால், அவர் அருகில் அமர்ந்து, அவர் அறிந்ததைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதாத அறிவு அவரோடு போய்விடும். அவருடைய காதும் உங்களுடைய புத்தகமும் ஒன்று சேர்ந்தால், பழைய எஞ்சினும் ஓடும், புதிய எஞ்சினும் ஓடும்.